அப்பாவின் வள்ளமும் கற்பிட்டிக் காற்றும்

கொஞ்சம் நீளமான பதிவு இது. அவசரத்தில் இருப்பவர்கள் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

அப்பாவின் வள்ளம் மறுபடி தண்ணீரில் இறங்கிய படங்களைப் போட்ட நாளிலிருந்து இன்பொக்ஸில் மூன்று கேள்விகளே திரும்பத் திரும்ப வருகின்றன. எவ்வளவு செலவானது? எஞ்சின் பூட்டாமல் ஏன் பாய்? விற்கும் யோசனை உண்டா? மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம். இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. இது எங்கள் வீட்டு விஷயம் மட்டும் என்றிருந்தால் வீட்டோடு வைத்திருப்போம். கற்பிட்டியிலிருந்து பாலாவி வரை எத்தனையோ வீட்டு வளவுகளில் இப்படி ஒரு வள்ளம் கவிழ்ந்து கிடக்கிறது. அதனால்தான் எழுதுகிறோம்.

எங்கள் அப்பா, அதாவது வாப்பாவின் வாப்பா, வருடங்களைப் புயலை வைத்துத்தான் சொல்வார். தனுஷ்கோடியை அழித்த 1964 மார்கழிப் புயலுக்கு அடுத்த வருடம் கட்டுவித்த வள்ளம் இது. நீளம் 24 அடி. பலகை மாமரம், வங்கு பூவரசு. பத்தலங்குண்டு வாடிக்கு அரிசியும் குடிதண்ணீரும் கொண்டு போகும், கருவாட்டோடு திரும்பி வரும். சில தடவை மன்னார் வரைக்கும் போயிருக்கிறது. எல்லாம் பாயில்தான். 1980களின் நடுவில் வாப்பா பைபர் போட்டும் எஞ்சினும் எடுத்தார். வள்ளம் கொட்டிலுக்குள் போனது. பிறகு அதற்குள் தேங்காய் மட்டை கிடந்தது, கோழி அடை வைத்தது, நாங்கள் ஒளித்துப் பிடித்து விளையாடினோம்.

இரண்டு வருடத்துக்கு முன்னர் ஒரு ஹோட்டல்காரர் வந்து பார்த்துவிட்டு ஒன்றரை இலட்சம் தருகிறேன் என்றார். வாசலில் வைத்துப் பூச்செடி நடப் போகிறாராம். அவரைக் குறை சொல்ல மாட்டோம், கேட்டதும் மரியாதையாகத்தான் கேட்டார். எங்கள் வீட்டுக் கூரையில் அப்போது நாலைந்து இடத்தில் ஒழுக்கு. மழைக்கு வாளி வைத்துப் படுக்கிற வீட்டில் ஒன்றரை இலட்சம் என்பது பெரிய காசு. தம்பி கொடுத்துவிடலாம் என்றான். தங்கச்சி கூடாது என்றாள். உம்மா ஒன்றும் பேசவில்லை. வாப்பா மட்டும், "பூச்சட்டியாவா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

ஓடாவியார் ஒருவரைத் தேடிப் பிடிக்கவே இரண்டு மாதம் போனது. மர வேலை தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வள்ளம் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள், அவர்களிலும் பெரும்பாலானோர் இப்போது கதவும் ஜன்னலும் செய்கிறார்கள். எங்களுக்குக் கிடைத்தவருக்கு எழுபது வயது தாண்டியிருக்கும். வந்த முதல் நாள் ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துப் பலகை பலகையாகத் தட்டிக்கொண்டு போனார். நல்ல மரம் கணீரென்று கேட்கும், உக்கிய மரம் பொத்தென்று கேட்கும். நாங்களும் தட்டிப் பார்த்தோம். அரை மணி நேரத்தில் எங்களுக்கே வித்தியாசம் தெரிந்தது. அடிமரமான ஏராவை ஒட்டிய மூன்று பலகைகளும் ஐந்து வங்குகளும் போய்விட்டன. பழைய இரும்பு ஆணிகளைச் சுற்றிய மரமெல்லாம் கறுத்துப்போய் இருந்தது. மேல் பாதி அறுபது வருடத்துக்குப் பிறகும் அப்படியே இருக்கிறது. அப்பா வருடா வருடம் மீன் எண்ணெய் பூசி வைத்ததன் பலன் என்றார் ஓடாவியார்.

வங்கு என்பது வள்ளத்தின் விலா எலும்பு. நேர்ப் பலகையை வளைவாக அறுத்து வைத்தால் நார் குறுக்கே வெட்டுப்பட்டுவிடும், ஓர் அலைக்குத் தாங்காது. இயற்கையாகவே வளைந்த கொப்பைத் தேடி, அந்த வளைவோடு சேர்த்துச் செதுக்க வேண்டும். ஐந்து வளைந்த பூவரசங் கொப்புகளுக்காக நாங்கள் ஏறி இறங்காத வளவு இல்லை. ஒரு வீட்டில், "என்ன சேர், பாடசாலைக்குப் பிரம்பா?" என்று கேட்டார்கள்.

நடுவில் ஆளுக்காள் ஓர் ஆலோசனை. அதிகம் கேட்டது, "மேலே பைபர் பூசிவிடுங்கள், பிறகு ஆயுளுக்கும் பார்க்கத் தேவையில்லை" என்பது. இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைக் கேட்டுத்தான் பல பழைய வள்ளங்கள் அழிந்திருக்கின்றன. மரம் ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் விடும். ஊதும், சுருங்கும். பைபர் அப்படி அசையாது. பலகை சேர்த்துக் கட்டிய வள்ளத்துக்கு மேலே பைபர் பூசினால் கொஞ்ச நாளில் எங்காவது ஓர் ஓரம் விட்டுக்கொடுக்கும், தண்ணீர் உள்ளே போகும், திரும்பி வெளியே வர வழி இருக்காது. வெளியில் பார்த்தால் பளபளவென்று இருக்கும், உள்ளே மரம் உக்கிக்கொண்டிருக்கும். மரத்தை மரமாக வைத்திருக்கப் பொறுமை இருந்தால் வைத்திருங்கள், இல்லையென்றால் முதலிலேயே பைபர் போட் வாங்குங்கள்.

நாகம் பூசிய ஆணி அடித்தோம். மூட்டுகளில் தும்பும் பஞ்சு நூலும் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஊற்றினோம். எல்லாம் முடிந்ததும் ஓடாவியார் சொன்ன அடுத்த வேலைதான் ஊரைச் சிரிக்க வைத்தது. பதினான்கு மாதம் பாடுபட்டுத் திருத்திய வள்ளத்தைக் களப்போரம் கொண்டுபோய், தண்ணீர் நிரப்பித் தாழ்த்தி வைக்கச் சொன்னார். மூன்று நாள் விளிம்பு வரை தண்ணீருக்குள் கிடந்தது. பார்க்க வந்தவர்கள், "அல்லாஹ்வே, முதல் நாளே தாண்டு போச்சே" என்று கவலைப்பட்டார்கள். பல வருடம் காய்ந்து கிடந்த பலகை தண்ணீர் குடித்து ஊதினால்தான் மூட்டுகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்கும். நாலாம் நாள் இறைத்துவிட்டுப் பார்த்தோம். ஒரு மூலையில் மட்டும் சொட்டுச் சொட்டாக வந்தது. அதுவும் அடுத்த வாரம் நின்றுவிட்டது.

பாய்க்குத் துணி புறக்கோட்டையில் எடுத்தோம். தடித்த பருத்தித் துணி. உம்மாவும் தங்கச்சியும் வீட்டு மெஷினில் தைத்தார்கள், மூன்று ஊசி முறிந்தது. ஓரத்துக் கயிற்றைக் கையால்தான் தைக்க முடிந்தது. அந்தக் காலத்தில் பாய்க்குக் கண்டல் பட்டையைக் காய்ச்சிச் சாயம் போடுவார்கள், செம்பழுப்பாக இருக்கும், பூஞ்சணம் பிடிக்காது. இப்போது கண்டல் வெட்டுவதற்குத் தடை. தடை இருக்கத்தான் வேண்டும், இறாலும் நண்டும் பெருகுவது அந்த வேர்களுக்குள்தானே. அதனால் எங்கள் பாய் வெள்ளை. ஒவ்வொரு முறையும் காயவைத்து மடிக்கிறோம்.

மொத்தச் செலவு 2 இலட்சத்து 60 ஆயிரம் ரூபா. எங்கள் சம்பளத்துக்கு அது விளையாட்டல்ல. சீட்டுப் போட்டுத்தான் முடித்தோம். கூரை ஒழுக்கு? இன்னும் இரண்டு இடம் மிச்சம் இருக்கிறது.

இனி, ஏன் பாய் என்ற கேள்வி.

சோளகம் தொடங்கும் மே மாதத்திலிருந்து ஒக்டோபர் வரைக்கும், பிறகு வாடைக்காற்றில் மார்கழி முதல் மார்ச் நடுப்பகுதி வரைக்கும், நமது கற்பிட்டிக் களப்பிலும் கண்டக்குழிப் பக்கமும் வானம் முழுக்கக் கலர் கலராகப் பட்டங்கள். கைட் சேர்பிங் என்று சொல்லி உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ வருகிறார்கள். ஏன் இங்கே வருகிறார்கள்? நாள் தவறாமல், ஒரே சீராக வீசும் காற்று இது. அந்தக் காற்றுக்காகவே விமானம் ஏறி வந்து, காசு கொடுத்து, வகுப்பு எடுத்துப் பழகுகிறார்கள். நமது பிள்ளைகள் பலர் அங்கே சாமான் தூக்குகிறார்கள், த்ரீ வீல் ஓட்டுகிறார்கள், தேநீர் கொடுக்கிறார்கள். ஒரு சிலர் பயிற்றுநர்களாகவும் ஆகியிருக்கிறார்கள், மாஷா அல்லாஹ், அவர்களைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோம். சுற்றுலாவால் அடுப்பு எரியும் வீடுகள் நமது ஊரில் நிறைய. அதைக் கெடுக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை.

ஆனால் ஒரு நாள் 10ஆம் தர வகுப்பில், "சோளகம் எந்தத் திசையில் இருந்து வரும்?" என்று கேட்டோம். முப்பத்திரண்டு பேரில் நான்கு பேர் சரியாகச் சொன்னார்கள். நான்கு பேரும் கைட் இடங்களில் வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைகள். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. எஞ்சின் வைத்த போட்டுக்குக் காற்றின் திசை அவ்வளவு தேவையில்லைதானே. அப்பாமார் பேர் சொல்லி அழைத்த காற்று நமது பிள்ளைகளுக்கு வெறும் காற்று, வெளியூர்க்காரருக்கு அது ஒரு சொத்து. எங்களை உறுத்துவது இதுதான்.

அதே வகுப்பில் விளையுள் விசை படிப்பிக்கிறோம். கரும்பலகையில் இரண்டு அம்புக்குறி கீறி, கணக்குச் செய்து, பரீட்சைக்குப் பாடமாக்கி முடிக்கிறோம். காற்று ஒரு பக்கம் தள்ள, அடிமரமும் சுக்கானும் பக்கவாட்டில் வழுக்காமல் தடுக்க, வள்ளம் மூன்றாவது ஒரு பக்கம் முன்னேறுவதை ஒரு தரம் கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உணர்ந்த பிள்ளைக்கு அந்தப் பாடத்தைப் பாடமாக்கத் தேவை வராது. மேலுதைப்பும் அப்படித்தான்.

பாய் ஓட எங்களுக்குக் கற்றுத் தந்தவர் அப்பாவிடம் வேலை செய்த ஒரு பெரியவர். பக்கத்து ஊர்க் கத்தோலிக்கர், எண்பது தாண்டியவர். இன்றைக்கும் எங்கள் அப்பாவை "சம்மாட்டி" என்றுதான் சொல்வார். வள்ளம் திருத்துகிறோம் என்று கேள்விப்பட்டுத் தானே பஸ் ஏறி வந்தார். சுக்கானைத் தொட விடாமல் முதல் இரண்டு நாளும் கரையில் இருத்தித் தண்ணீரைப் பார்க்கச் சொன்னார். "தம்பி, காத்தத் தேடாத. தண்ணியப் பாரு. கறுப்பா ஒரு சுருக்கம் ஓடி வரும், அதுதான் காத்து." உண்மைதான். பலமான காற்று வந்து சேரும் முன்பே தண்ணீரின் மேல் அதன் நிழல் வந்துவிடுகிறது.

இரண்டாவது பாடம் தாமான். பாயின் கீழ் முனையில் கட்டி நாம் கையில் பிடிக்கும் கயிறு அது. அதை வள்ளத்தில் கட்டவே கூடாது. எவ்வளவு கை வலித்தாலும் கையில்தான் இருக்க வேண்டும். காற்று மீறினால் விட்டுவிடலாம், பாய் கொடி மாதிரிப் பறக்கும், வள்ளம் நிமிர்ந்துவிடும். கட்டிவைத்தால் வள்ளம் சரியும். "தாமானக் கட்டினவன் வீட்டுக்கு வரல்ல" என்று அவர் சொன்ன விதத்தில் அது யாரோ தெரிந்த ஒருவரைப் பற்றியது என்று புரிந்தது. நாங்கள் கேட்கவில்லை.

மூன்றாவது, போகும்போது காற்றுக்கு எதிராகப் போ, வரும்போது காற்றோடு வா. களைத்த பிறகு எதிர்க்காற்றில் வீடு திரும்ப வேண்டி வரக்கூடாது. ஏப்ரல் மாதத்து இளங்காற்றில்தான் பழகினோம். இங்கும் அங்குமாக வெட்டி வெட்டிப் போய், எஞ்சினில் பதினைந்து நிமிடத்தில் போகும் இடத்துக்கு ஒன்றேமுக்கால் மணி நேரம் எடுத்தோம். ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் பருமலை மரத்துக்கு மறுபக்கம் கொண்டுபோக மச்சானும் தம்பியும் மாறி மாறித் திட்டிக்கொண்டார்கள். திரும்பி வந்தது இருபது நிமிடத்தில். எஞ்சின் சத்தம் இல்லாததால் மீன் துள்ளுவதும், அஸர் பாங்கும் தெளிவாகக் கேட்டது. பெரியவர் அணியத்தில் இருந்து பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை.

பாய் எஞ்சினின் இடத்தைப் பிடிக்கும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பல நாள் கடலில் நிற்கும் படகுக்கும், ஆழ்கடலுக்குப் போகிறவருக்கும், விடிவதற்குள் மீனைச் சந்தைக்குக் கொண்டுவர வேண்டியவருக்கும் எஞ்சின் தேவை. காற்றில்லாத நாளில் பாய் வெறும் நிழல்தான். ஆனால் 2022ஐ மறந்துவிட வேண்டாம். எண்ணெய்க்கு வரிசையில் நின்ற அந்த வருடம் கரையெல்லாம் போட்டுகள் அடுக்கி வைத்த மாதிரிக் கிடந்தன. அந்த ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபா ஆனது. ஒரு நாளைக்குக் கடலுக்குப் போய் வர எத்தனை லீற்றர் தேவை என்பது இதை வாசிக்கும் மீனவச் சகோதரர்களுக்கு எங்களை விடத் தெரியும். அன்றைக்குக் காற்று மட்டும் விலை ஏறாமல் வீசிக்கொண்டுதான் இருந்தது. அதைப் பிடிக்கத் தெரிந்தவர் குறைவாக இருந்தார்.

களப்புக்குள் தொழில் செய்கிறவர்கள் ஒரு வழிக்காவது பாயை எடுக்கலாம். அதைவிட முக்கியம், பைபர் போட் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரு சின்னப் பாயும் ஒரு தண்டும் ஏற்றி வையுங்கள். எஞ்சின் நின்று நாள்கணக்கில் இழுபட்டுப் போன கதைகள் ஒவ்வொரு கரையிலும் உண்டு. ஒரு தறப்பாள் துண்டை எப்படிப் பாயாகக் கட்டுவது என்று தெரிந்தவர் அந்தப் போட்டில் ஒருவர் இருந்தால் போதும்.

மொழி ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி. சுக்கான் என்பது அரபுச் சொல். நங்கூரம் பாரசீகத்திலிருந்து வந்தது. மாலுமி என்ற சொல்லின் மூலம் அரபு முஅல்லிம். அதே முஅல்லிம்தான், ஓதிக் கொடுப்பவர், கற்பிப்பவர். கப்பலுக்கு வழி தெரிந்தவரையும் பிள்ளைக்கு எழுத்து தெரியவைப்பவரையும் ஒரே சொல்லால் அழைத்திருக்கிறார்கள். சிங்களச் சகோதரர்கள் நம்மை "மரக்கல" என்று அழைக்கும்போது சிலருக்குக் கோபம் வருகிறது. ஏளனமாகச் சொல்பவர்கள் உண்டு, அது வேறு கதை. சொல்லின் பொருள் மரக்கலத்தில் வந்தவர்கள் என்பதுதான். 1344இல் இப்னு பதூதா இறங்கிய "பத்தாலா" நமது புத்தளம் என்று படிப்பிக்கிறோம், மேடையில் பெருமையாகப் பேசுகிறோம். அவர் பாய்க்கப்பலில் வந்தார் என்பதையும் மரக்கலத்து ஆட்கள் என்ற பெயரையும் வைத்துக்கொண்டு, ஒரு பாய்மரத்தை நிமிர்த்தத் தெரியாமல் இருக்கிறோம்.

டுபாயில் வேலை செய்த சகோதரர்கள் அல் கஃபால் போட்டியைப் பார்த்திருப்பீர்கள். சேர் பூ நுஐர் தீவிலிருந்து டுபாய்க் கரை வரைக்கும், 60 அடி மரக்கலங்கள் பாய் விரித்து ஓடும். 1991இல் தொடங்கியது. முத்துக்குளிப்பவர்கள் பருவம் முடிந்து வீடு திரும்புவதன் நினைவாக நடத்துகிறார்கள். அவர்களிடம் எண்ணெய்க்கா பஞ்சம்? வடக்கே வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. ஓட்டிப் போனவர்கள் அந்த ஊர்க்காரர்கள். அதை அந்த ஊர் இன்றும் கொண்டாடுகிறது. நமது ஊரிலிருந்து எந்தக் கப்பல் எங்கே போனது என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவர்கள் இன்னும் ஒரு சிலர் திண்ணைகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதி வைக்க ஒரு கொப்பியும் ஒரு பின்னேரமும் போதும்.

இப்போது பயத்தைப் பற்றி. இதைச் சுற்றி வளைத்துப் பேச விருப்பமில்லை.

எங்கள் உம்மா எருக்கலம்பிட்டி. 1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவிலிருந்து விரட்டப்பட்டு, படகில் வந்து இந்தக் கற்பிட்டிக் கரையில் இறங்கியவர்களில் ஒருவர். அந்த இரவைப் பற்றி இதுவரை எங்களிடம் முழுதாகச் சொன்னதில்லை. அதன் பிறகு இங்கே கல்யாணம் முடித்து, எங்களையெல்லாம் பெற்று வளர்த்து, முப்பத்தைந்து வருடமாகக் கடலுக்கு அருகில் வாழ்கிறார், காலைக்கூட நனைப்பதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரைக்குப் பிள்ளையை விடாத உம்மாமார் இந்த நாட்டில் எத்தனை பேர். 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவைப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் இறந்த அன்று, நாங்கள் ஆசிரியர் அறையில் யாருடனும் பேச முடியாமல் இருந்தோம். பாடசாலைக்கு வர வெளிக்கிட்ட பிள்ளைகள்.

அந்தப் பயத்துக்குப் பதிலாக நாம் செய்தது பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து தூர வைத்ததுதான். ஆனால் நாம் இருப்பது ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்புமாக ஒடுங்கிய ஒரு நாக்கு நிலத்தில். தூரமாகப் போக இடம் எங்கே இருக்கிறது? கடற்கரைப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு நீந்தத் தெரியாது என்பதை நாமெல்லோரும் அறிவோம், சொல்வதில்லை. பெண் பிள்ளைகள் என்றால் பேச்சே இல்லை. ஒழுங்கான உடையும், ஒரு பெண் பயிற்றுநரும், மறைவான ஒரு நேரமும் ஏற்பாடு செய்ய முடியாத அளவுக்கு நமது ஊர் வசதி இல்லாத ஊரா? கலியாண மண்டபத்துக்கு எவ்வளவு செலவழிக்கிறோம்.

பாய் ஓடப் பழக நமது களப்பை விட நல்ல இடம் கிடைக்காது. ஏறக்குறைய 327 சதுர கிலோமீற்றர், அதில் பெரும்பகுதி ஆழம் குறைந்த தண்ணீர். பல இடத்தில் வள்ளம் கவிழ்ந்தாலும் எழுந்து நிற்கலாம். எங்கள் வள்ளத்தில் சட்டம் மூன்று. லைஃப் ஜாக்கெட் போடாமல் யாரும் ஏறக்கூடாது, வாப்பா உட்பட. நீந்தத் தெரியாத பிள்ளை முதலில் நீச்சல் பழகும், பிறகுதான் வள்ளம். ஆறு பேருக்கு மேல் ஒருவரும் இல்லை, அழுதாலும் இல்லை. போன மாதம் ஏழாவது ஆளாக நின்ற எங்கள் மூத்தவனே கரையில் இருந்து அழுதான்.

பாய் தைக்கும்போது உம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பிள்ளைகளையும் ஏத்துவீங்களா?" ஏற்றுவோம் என்றோம். மெஷினை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு, "அப்ப ரெண்டு தையல் போடணும்" என்று சொல்லி, தைத்த ஓரத்தையெல்லாம் மறுபடி ஒரு தடவை ஓட்டினார்.

வளவில் பழைய வள்ளம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு எங்கள் வேண்டுகோள் இது. விறகுக்கு வெட்ட வேண்டாம். வாசலுக்கு அலங்காரமாகக் கேட்டால் உடனே சரி சொல்லவும் வேண்டாம், ஒரு மாதம் தவணை கேளுங்கள். அந்த ஒரு மாதத்தில் வெயில் படாமல் ஓலை போட்டு மூடுங்கள், உள்ளே தேங்கிய மழைத் தண்ணீரை இறைத்துவிடுங்கள், மழைத் தண்ணீர்தான் மரத்தை உக்கச் செய்வது. வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் இருத்தி ஒவ்வொரு உறுப்பின் பெயரையும் சொல்லச் சொல்லிப் போனில் பதிவு செய்யுங்கள். எங்கள் ஓடாவியாரைக் கூட்டி வந்து தட்டிப் பார்க்க வைப்பது எங்கள் பொறுப்பு. திருத்த முடியாத வள்ளம் என்றால் அதையும் அவர் ஒளிக்காமல் சொல்வார். இரண்டு வீட்டுக்கு ஏற்கெனவே அப்படிச் சொல்லியிருக்கிறார்.

பாடசாலைப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை, பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதத்தோடு, அடுத்த மார்ச் விடுமுறையில் பழக்குவதாக இருக்கிறோம். அதற்கு முன்னர் நீச்சல் வகுப்பு நடக்கும். பெண் பிள்ளைகளுக்குத் தனியாக, தங்கச்சியும் அவளுடைய நண்பி ஒருவரும் பார்த்துக்கொள்வார்கள். பெரியவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார், இன்ஷா அல்லாஹ். அவருடைய வயதை நினைத்தால் மார்ச் வரைக்கும் பொறுப்பதுகூட நீண்ட தவணையாகத்தான் தெரிகிறது. அதனால் கிழமைக்கு ஒரு நாள் அவருடைய வீட்டுக்குப் போய் முடிச்சுகள் பழகுகிறோம். இதுவரை ஒன்பது முடிச்சு.

கடைசியாக ஓர் உதவி. இப்போது வள்ளத்தில் நிற்பது தற்காலிகமாகப் போட்ட சவுக்கு மரம். காற்று கொஞ்சம் கூடினால் தூண்டில் தடி மாதிரி வளைகிறது. புன்னைதான் சரி என்கிறார் ஓடாவியார். அடி பருத்து, நேராக, கணு குறைந்த, பதினெட்டு அடிக்குக் குறையாத புன்னை மரம் யாருடைய வளவிலாவது காற்றுக்கு விழுந்து கிடந்தால், அல்லது எப்படியும் வெட்டத்தான் போகிறீர்கள் என்றால், கீழே எழுதுங்கள். வெட்டுவதற்கும் ஏற்றுவதற்கும் அனுமதி எடுக்கும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நியாயமான விலை தருவோம், முதல் ஓட்டத்தில் உங்களுக்கு ஓர் இடமும் தருவோம். லைஃப் ஜாக்கெட்டோடுதான்.